நக்கோனில் ஒரு மாளயம்

கோட்டை வாசலில் இரண்டு மீன்கள் உண்டு. திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போக பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழையும் இடத்தில், வாசல் கல்லில் செதுக்கிய இரட்டைக் கயல். பக்கத்திலேயே குளக்கோட்டன் பெயர் வரும் தேய்ந்த தமிழ் எழுத்துகள். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார். "பாண்டியன்ர மீன், பிள்ளை" என்று எனக்கும் தம்பிக்கும் சொல்லித் தந்தது அவர்தான். தம்பிக்கு மீனை விட அங்கே மேயும் மான்களில்தான் கண் இருக்கும்.

அம்மா 2023 மாசியில் போய்விட்டார். தம்பி பாங்கொக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். செத்தவீட்டுக்கு அவனால் வரமுடியவில்லை. வேலை செய்யும் இடத்தில் லீவு கொடுக்கவில்லை. சித்தப்பாவின் மகன்தான் கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்க் கிரியை முடித்தோம். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்வதற்காக வாளால் குத்தி உண்டாக்கிய ஊற்றுகள் என்று சொல்லப்படும் அந்த ஏழு கிணறுகளும் இருக்கும் இடத்திலே, தாய்க்குச் செய்யவேண்டிய மகன் இல்லாமல். அவன் எல்லாவற்றையும் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசியதே இல்லை.

2024இல், அம்மாவுக்கு ஆட்டைத் திவசம் முடிந்து முதல் மாளயம். ஆவணிக் கடைசியில் தம்பி எடுத்துச் சொன்னான்: "அக்கா, இஞ்சயும் மாளயம் இருக்கு. எங்கட கிச்சின்ல வேலை செய்யிற பெடியன்ர ஊர்ல. அதே பதினைஞ்சு நாள். நீங்க வாறீங்களோ?"

அந்தப் பெடியனின் ஊர் எது என்று கேட்டேன். "நக்கோன்" என்றான். தாய்லாந்தின் தெற்கில் ஒரு மாகாணம், அதே பெயரில் ஒரு நகரம். முழுப் பெயர் நக்கோன் சி தம்மராத். மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் புரியும்: நகர ஸ்ரீ தர்மராஜ. பழைய பெயர் தாம்பிரலிங்கம். 1025இல் கடாரம் வரை படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாதமாலிங்கம் என்று வருவதும் இதுதான். இந்தத் தாம்பிரலிங்கத்து அரசன் சந்திரபானு 1247இல் கடல் கடந்து இலங்கைமேல் படையெடுத்தான். பிறகு வடக்கில் அவன் கை ஓங்கியது. சாவகச்சேரி என்ற ஊர்ப் பெயரில் இருப்பது, சாவகர் எனப்பட்ட அவன் ஆட்களின் நினைவு என்று சொல்வார்கள். பாண்டியர் வந்து அவனை முறித்தார்கள். அவனுக்குப் பின் ஆண்ட மகனை, 'சாவகன் மைந்தனை', வீரபாண்டியன் அடக்கிக் கோணமலையில் இரட்டைக் கயல் பொறித்தான் என்று புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. நம் கோட்டை வாசலில் இருப்பது அந்தக் கயல்தான் என்பது ஊரார் நம்பிக்கை.

ஆக, அம்மா நின்று கும்பிட்ட மீனுக்குக் காரணமானவனின் ஊர். நான் போவதற்கு வேறு யோசனை தேவைப்படவில்லை. அந்த யூலையிலிருந்து இலங்கையர் தாய்லாந்துக்கு விசா எடுக்காமல் போகலாம் என்று ஆகியிருந்தது, அதுவும் வசதியாகப் போயிற்று.

பாங்கொக்கிலிருந்து இரவு ரயில். பெட்டி முழுக்க ஊருக்குப் போகிறவர்கள். கொழும்பிலிருந்து சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் புறப்படும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள், அதே முகங்கள், அதே பொதிகள். வெளிநாட்டுக்காரர் என்று எங்கள் பெட்டியில் நான் பார்த்தவர்கள் நானும் தம்பியும்தான். தெற்குக்கு வரும் உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் சமுய் தீவுக்கும் புக்கெட்டுக்கும் கிராபிக்கும் போய்விடுவார்கள். நக்கோன் அவர்கள் வழியில் இல்லை. அதனாலேயே அந்த நகரம் இன்னும் தன் பாட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

காலையில் ஸ்டேசனில் அந்தப் பெடியன் பிக்கப்போடு காத்திருந்தான். நேரே பாக் பனாங்குக்குக் கூட்டிப் போனான். நகரத்திலிருந்து கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர், ஆறு கடலில் விழும் இடம். தாய்லாந்து மொழியில் 'பாக்' என்றால் வாய். பாக் பனாங் என்றால் பனாங்கின் வாய், நாங்கள் முகத்துவாரம் என்போமே, அதுதான். ஊருக்குள் ஜன்னலே இல்லாத உயரமான கட்டடங்கள் நிறைய நிற்கின்றன, சுவரில் சின்னச் சின்னத் துளைகளோடு. அவை பறவைகளுக்குக் கட்டியவை. உழவாரக் குருவிகளின் கூட்டை எடுத்து விற்கிறார்கள். குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் குருவிகளைக் கூப்பிடுகிறார்கள். பகல் முழுக்க ஊருக்கு மேலே அந்தக் கீச்சொலிதான்.

பெடியனின் தாயை எல்லாரும் 'யாய்' என்று கூப்பிட்டார்கள். அம்மம்மா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். எழுபது வயது இருக்கும். வந்த எங்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டு, பதில் வருவதற்குள் தட்டை வைத்துவிட்டார். கனோம் சீன் என்று அரிசிமாவில் பிழிந்த நூல், கிட்டத்தட்ட நம் இடியப்பத்தை ஈரமாகச் சுருட்டி வைத்த மாதிரி. அதன்மேல் தேங்காய்ப்பாலும் மீனும் சேர்ந்த குழம்பு. பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகள். அதில் ஒன்றை எடுத்துக் கடித்தபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது, மரமுந்திரிகைக் கொழுந்து. இவ்வளவு மரமுந்திரிகை நிற்கும் நம் பக்கத்தில் அதன் கொழுந்தைச் சாப்பிட நாங்கள் பழகவே இல்லையே என்று இருந்தது.

பின்வளவில்தான் நான் பார்க்க வேண்டியது நடந்துகொண்டிருந்தது. கனோம் லா சுடுகிறார்கள். அரிசிமாவையும் சீனிப்பாகையும் கரைத்து வைத்திருக்கிறார்கள். அடியில் ஊசியளவுத் துளைகள் நிறையப் போட்ட ஒரு தகரப் பேணி. முன்பெல்லாம் தேங்காய்ச் சிரட்டையில் துளை போட்டுச் செய்வார்களாம். அகன்ற தாச்சியில் எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் கலந்து ஒரு துணியால் துடைத்த மாதிரிப் பூசுகிறார்கள். யாய் மாவைப் பேணியில் ஊற்றி, தாச்சிக்கு மேலே பிடித்துக் கையைச் சுற்றத் தொடங்கினார். சுற்று என்றால் அவசரமே இல்லாத சுற்று. தோளிலிருந்து வருகிறது, மணிக்கட்டு அசையவில்லை. தலைமயிர் போல நூல் நூலாக விழுந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பத்துப் பதினைந்து சுற்றில் ஒரு வலை ஆகிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். ஒரு குச்சியால் ஓரத்தைத் தூக்கி மடித்து எடுத்து வைத்தார். தம்பி சமையல்காரன். அவனும் கேட்டு வாங்கிச் செய்து பார்த்தான். அவன் நூல் எல்லாம் நடுவில் போய்க் கட்டியானது. யாய் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நான்கு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

ஏன் இவ்வளவு மெல்லிசாக என்று கேட்டேன். தம்பி கேட்டுச் சொன்னான்: இறந்துபோனவர்கள் பசியோடு வருவார்கள். அவர்களுக்கு வாய் ஊசித்துளை அளவுதான். தடித்த பண்டம் அந்த வாய்க்குள் போகாது.

அவர்களை இங்கே 'ப்ரெத்' என்கிறார்கள். பிரேதம் என்ற நம் சொல்லேதான். அவர்கள் நாள்காட்டியின் பத்தாம் மாதத் தேய்பிறை முதல்நாள் அவர்களுக்குக் கதவு திறக்கும், பதினைந்து நாள் பிள்ளைகள் வீட்டைச் சுற்றி நிற்பார்கள், அமாவாசையோடு திரும்பிப் போய்விட வேண்டும். விழாவின் பெயர் 'சாத்'. அது சிராத்தம்தான் என்று தம்பி அடித்துச் சொன்னான். அப்படி இல்லை, அது சரத் காலம் என்பதிலிருந்து வந்த சொல். ஆனால் அவன் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். நாள் ஒன்றுதான், செய்வதும் ஒன்றுதான். அந்த வருடம் நம் மாளய அமாவாசை ஒக்டோபர் 2. அவர்களுக்கும் அன்றுதான் வழியனுப்பு.

அடுத்த நாள் நகரத்துக்குப் போனோம். நகரம் ஒரு பழைய கடற்கரை மணல்மேட்டின் மேல் நீளமாகக் கிடக்கிறது. ராஜதம்னோன் என்ற ஒரே வீதி வடக்குத் தெற்காக ஓட, எல்லாம் அதன் இரண்டு பக்கமும்தான். அன்று 'ம்ராப்' ஊர்வலம். ம்ராப் என்றால் இறந்தவர்களுக்காக அடுக்கிக் கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் பெரிய படையல் தட்டு. சிலது ஆள் உயரத்துக்கு மேல், வண்டியில் வைத்து இழுத்து வருகிறார்கள். மேளமும் ஆட்டமுமாக எல்லாம் மகாதாட் விகாரைக்குப் போகின்றன.

அந்த விகாரையைப் பார்த்ததும் நான் தாய்லாந்தில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. மணி வடிவத்தில், வெள்ளையாக, உச்சியில் மட்டும் பொன் வேய்ந்த தூபி. பொலநறுவையில் பார்த்த தூபிகளின் உடன்பிறப்பு. இலங்கைப் பௌத்தம் இந்த நகரத்தின் வழியாகத்தான் தாய்லாந்துக்குள் போனது என்று அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். தலபுராணமும் நமக்குத் தெரிந்ததே. தந்தபுரத்திலிருந்து புத்தரின் பல்லை எடுத்துக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்ட இளவரசனும் இளவரசி ஹேமமாலாவும் கப்பல் உடைந்து இந்த மணலில் ஒதுங்கினார்களாம், தாதுவை இங்கே புதைத்து வைத்தார்களாம். அதே இருவரும் கடைசியில் கரையிறங்கிய இடம் நம் மாவட்டத்து ஈச்சிலம்பற்றுப் பக்கம், இலங்கைத்துறை முகத்துவாரம் என்பது சிங்கள மரபு. ஒரு கதையின் நடுப்பகுதி இங்கே, முடிவு நம் ஊரில்.

தூபியின் மேல்தளத்துக்கு ஏறும் படியின் இரண்டு பக்கமும் இரண்டு காவல் தெய்வங்கள் இருக்கின்றன. ஒருவர் ராமதேப். மற்றவர் பெயரைப் பெடியன் சொன்னபோது நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். கத்துகாம். நம் கதிர்காமம்தான் இப்படித் திரிந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். வெருகல் வழியாக நடந்து போகும் கதிர்காம யாத்திரைக்காரருக்கு அம்மா வருடாவருடம் மோர் கரைத்துக் கொடுப்பார். அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தம்பியும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தான்.

அதே வீதியில் வடக்கே வந்தால், கவனிக்காமல் போனால் தவறவிட்டுவிடக்கூடிய ஒரு சின்ன மண்டபம். பெயர் ஹோ ப்ர இசுவன். இசுவன் என்றால் ஈசுவரன். உள்ளே லிங்கம். எதிர்ப்பக்கம் நாராயணனுக்கு ஒரு மண்டபம். வெளியே உயரமான சிவப்புத் தூண்களில் ஓர் ஊஞ்சல் சட்டம், பாங்கொக்கில் 1784இல் எழுப்பிய பெரிய ஊஞ்சலைப் போல, அதைவிடச் சிறிதாக. தாய்லாந்து அரசவைப் பிராமணர்களில் பலருடைய முன்னோர் இந்த நக்கோனிலிருந்தும் பக்கத்து மாகாணமான பத்தலுங்கிலிருந்தும் போனவர்கள். அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் சடங்குக்குப் பெயர் த்ரியம்பவாய் த்ரிபவாய். திருவெம்பாவை, திருப்பாவை. பாட்டின் அர்த்தம் தெரியாமல், வாயிலிருந்து வாய்க்கு வந்த அந்தத் தமிழை இன்றும் சொல்கிறார்கள். பாங்கொக்கில் ஊஞ்சல் ஆட்டம் 1935இல் நின்றுபோனது, ஓதுவது நிற்கவில்லை.

மார்கழியில் விடிய நான்கு மணிக்குக் குளித்து, குளிரில் பல் அடிக்க அம்மாவோடு கோணேசருக்கு நடந்த ஞாபகம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். லிங்கத்துக்கு முன்னால் நின்று நான் திருவெம்பாவை முதல் பாட்டைச் சின்னக் குரலில் சொன்னேன். தம்பி இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டான். ஆறு வருடம் தமிழ்க் கோயில் பக்கம் அதிகம் போகாதவன், ஒரு சொல் கூட மறந்திருக்கவில்லை. மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முடியும் வரை நின்றார்.

பொழுதுபடும் நேரம் மறைந்த சுச்சாத் சப்சினின் வீட்டுக்குப் போனோம். 'நாங் தலுங்' என்னும் தோல்பாவை நிழற்கூத்தில் தாய்லாந்தின் தேசியக் கலைஞர் பட்டம் பெற்றவர் அவர். வீட்டையே அரும்பொருளகமாக வைத்திருக்கிறார்கள், குடும்பத்தார் நடத்துகிறார்கள். மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, சின்னக் குழாய் உளியால் ஒவ்வொரு துளையாகத் தட்டி எடுக்கிறார்கள். திரையில் அந்தத் துளைகள் வழியாக வரும் வெளிச்சம்தான் பாவைக்கு நகையும் உடுப்பும். கறுப்பு உடம்பும் சாரமுமாக வரும் ஐ தேங் போன்ற கோமாளிகள் நம் கூத்துக் கட்டியகாரனைப் போல, கதையை நிறுத்தி ஊர் நடப்பைப் பேசுகிறார்கள். ஆனால் கோமாளி வருவதற்கு முன் ஒரு முறை உண்டு. முதலில் ரிஷி. அப்புறம் இடபத்தின் மேல் ஈசுவரன். அவர் திரையைச் சுற்றி வந்து போன பிறகுதான் கதை. நம் கோயிலில் ரிஷப வாகனம் வெளிவீதி வரும்போது அசைந்து அசைந்து வருமே, அதே அசைவை ஒரு பிரம்பின் நுனியில் வைத்து ஆட்டினார் அன்று கூத்து நடத்தியவர்.

இரவு திரும்பி வந்தபோது யாய் தன் வீட்டு ம்ராப்பை அடுக்கிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. அடியில் அரிசி. அதன்மேல் உப்பு, வெங்காயம், உள்ளி, செத்தல் மிளகாய். பிறகு கருவாடு, காய்கறி. அப்புறம் வெற்றிலை பாக்கு, நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி. எல்லாவற்றுக்கும் மேலே ஐந்து பண்டம்: உடுக்க கனோம் லா, கடல் கடக்கத் தெப்பமாக ஒன்று, நகையாக ஒன்று, காசாக ஒன்று, விளையாட ஒன்று. நாங்கள் மாளயத்துக்கு ஐயருக்குக் கொடுக்கும் அரிசி காய்கறித் தட்டமும் வேட்டியும் இதுதான், இவர்கள் ஒரு முழு வீட்டையே கட்டிக் கொடுக்கிறார்கள்.

வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு ஊசியையும் வெள்ளை நூல் கட்டையையும் யாய் செருகி வைத்தார்.

எங்கள் அம்மா தையல்காரி. உப்புவெளி வீட்டு முன்விறாந்தையில் மெசினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துத்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். தம்பி அந்த நூல் கட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து வெளியே போனான். அழப் போகிறான் என்று நினைத்து நான் பின்னால் போகவில்லை. கால் மணித்தியாலத்தில் வந்தான். சந்திக் கடையில் வாங்கிய இரண்டு நூல் கட்டைகள் கையில், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். பள்ளிக்கூடச் சீருடை நிறங்கள். யாயிடம் தாய்லாந்து மொழியில் ஏதோ சொன்னான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேலே இருந்த பண்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஊசிக்குப் பக்கத்தில் இடம் விட்டு, அவன் கையாலேயே வைக்கச் சொன்னார்.

அமாவாசை அன்று காலை ஊர்க் கோயிலில் ம்ராப்பைப் பிக்குகளிடம் கொடுத்து, இறந்தவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். யாய் தன் புருசன் பெயரைச் சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். அவன் அம்மாவின் பெயரைச் சொன்னான், எங்கள் அப்பாவின் பெயரையும். கோயில் வளவில் உயரமாக ஒரு பலகைப் பந்தல் போட்டிருந்தார்கள். உறவு இல்லாமல் போனவர்களுக்கும் சேர்த்துப் படைப்பது அங்கேதான். நான் காலையில் யாயின் குசினியில் அவித்த சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு மூன்றையும் வாழையிலையில் வைத்து, கனோம் லா ஒன்றை மேலே போட்டு, தம்பி பந்தலில் வைத்தான். காகத்துக்கு என்று ஒரு பிடி வேறாக எடுத்து மதிலில் வைத்தான்.

பிறகு பந்தலில் கட்டியிருந்த கயிற்றை எடுத்தார்கள், பிள்ளைகள் பாய்ந்தார்கள். படைத்ததைப் பறித்துத் தின்பதும் இந்த விழாவில் ஒரு சடங்கு. தின்றால் நல்லது என்று பெரியவர்களே பிள்ளைகளைத் தள்ளி விடுகிறார்கள். ஆறு ஏழு வயதுப் பெடியன் ஒருவன் எங்கள் இலையிலிருந்த கனோம் லாவை இழுத்துக்கொண்டு ஓடினான். நூல் நூலாகப் பிரிந்து அவன் தோளில் தொங்கியது. வாயில் திணித்துக்கொண்டே திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

தம்பியும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, வாற மாசி நான் கட்டாயம் ஊருக்கு வாறன். கன்னியாவுக்குப் போவம்" என்றான்.

"வா" என்றேன். யாய் ஒரு பெட்டி கனோம் லா கட்டித் தந்திருந்தார். அது நசுங்காமல் இருக்க, கொழும்பு வரை மடியில் வைத்தே கொண்டு வந்தேன்.